பொழுதுபோக்கும் வாழ்க்கைத் தொழிலும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்றால் ஆற்றிய பணிகளைப் பட்டியலிட்டுக் காட்டுவது மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்கள் காலையில் படித்த அறிக்கையில் நிறைவாகச் செய்துவிட்டார். ஆகவே எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இந்த அரைமணி நேரத்தில் நாங்கள் சாதனை ஒன்றைக் கூறப்போவதில்லை. நாங்கள் செய்யவிருந்த ஒரு தவற்றைக் கூறப்போகிறோம். கடைசி நேரத்தில் அத்தவற்றிலிருந்து எங்களை மீட்டவர் ஒரு பதினாறு வயது மாணவர். அவரும் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் கூச்ச சுபாவம் உடையவர் ஆதலால் பெயரைச் சொல்ல மாட்டோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறையில், கல்வி உதவி கோரி வந்த விண்ணப்பங்களை நாங்கள் பரிசீலித்துக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த ஒரு மாணவரின் விண்ணப்பம் வந்தது. நம் விண்ணப்பப் படிவத்தில் 'ஓய்வுநேர ஈடுபாடு' என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலோர் 'நூல் படித்தல்' என்றோ 'விளையாட்டு' என்றோ எழுதுவார்கள். இவர் 'கார் சேகரித்தல்' என்று எழுதியிருந்தார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அதை இந்த அவையில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். அவருடைய தந்தை நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். தாயார் வீட்டு வேலை செய்பவர். மழை பெய்தால் ஒழுகும் வீட்டில் ஒரு சைக்கிளை நிறுத்தவே இடமில்லாதபோது, கார் சேகரிப்பாவது! அடுத்த வரியைப் படித்தபோது சிரிப்பு மறைந்து கவலை வந்தது. 'எதிர்கால நோக்கம்' என்ற இடத்தில், 'பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பொறியியல் பட்டயம். பின்னர் பொறியியல் பட்டம். பின்னர் கார் உருவாக்கும் பணி' என்று எழுதியிருந்தார். அந்த விண்ணப்பத்தை நாங்கள் தனியே எடுத்து வைத்தோம். தனியே எடுத்து வைத்தல் என்றால் என்ன பொருள் என்பது குழுக்களில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தயக்கத்திற்கும் காரணம் இருந்தது, நண்பர்களே. எங்கள் தலைமுறையில் கரையேறியவர்கள் அனைவரும் மேசை நாற்காலி வேலையைப் பிடித்துத்தான் கரையேறினார்கள். எழுத்தர், ஆசிரியர், அஞ்சலக ஊழியர், வங்கிப் பணியாளர் என்று அந்த ஏணியின் படிகள் எங்களுக்குத் தெரிந்தவை. வழிவழியாக நம் மீது சுமத்தப்பட்ட வேலைகள் எல்லாம் கை அழுக்காகும் வேலைகள். ஆகவே கல்வி என்பது கையைக் கழுவிக்கொள்ளும் வழி என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாங்கள். படித்த பிள்ளை கிரீஸும் எண்ணெயும் படிந்த சட்டையோடு பட்டறையில் நிற்பதை எங்கள் மனம் ஏற்க மறுத்தது.

மாணவரின் தந்தையும் எங்களைத் தேடி வந்தார். "ஐயா, என் கையில் பட்ட அழுக்கு என் பிள்ளையின் கையில் படக் கூடாது என்றுதான் படிக்க வைக்கிறேன். அவன் மறுபடியும் அழுக்குக்கே போகிறேன் என்கிறான். நீங்கள்தான் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும்" என்றார். புத்தி சொல்வதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவர் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். சொல்லப் போனவர்கள் கேட்டுக்கொண்டு திரும்பினோம்.

அவருடைய சேகரிப்பு ஒரு பழைய செருப்பு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பொம்மைக் கார்கள். அவற்றில் புதிதாகக் கடையில் வாங்கியவை ஏழு மட்டுமே. மற்றவை திருவிழாக் கடையில் வாங்கியவை, உறவினர் வீட்டுப் பிள்ளைகள் உடைத்து எறிந்தவை, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்து கிடந்தவை. சக்கரம் இழந்தவற்றிற்குப் பேனா மூடியை வெட்டிச் சக்கரம் செய்திருந்தார். சைக்கிள் கம்பியை அறுத்து அச்சு செய்திருந்தார்.

பெட்டியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. எங்கள் கண்ணைத் திறந்தது அந்த நோட்டுத்தான். ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். உண்மையான வண்டியை முதலில் எந்த ஆண்டில் செய்தார்கள், எங்கே செய்தார்கள், என்ஜினில் எத்தனை சிலிண்டர், என்ஜின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, எந்தச் சக்கரங்களுக்கு விசை செல்கிறது என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். நூலகத்திலும் நாளிதழ்களிலும் கைப்பேசியிலும் தேடித் திரட்டிய செய்திகள் அவை.

அம்பாசிடர் கார் ஒரு பக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைத் தழுவி, வங்கத்தில் உத்தரபாரா என்னும் ஊரில் செய்யப்பட்டு, 2014 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற வண்டி அது. முன்னால் நான்கு சிலிண்டர் என்ஜின். விசை செல்வதோ பின் சக்கரங்களுக்கு. அடுத்த பக்கம் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி.; என்ஜினும் முன்னால், விசையும் முன் சக்கரங்களுக்கே. அதற்கடுத்து 2009 இல் விற்பனைக்கு வந்த நானோ. இரண்டே சிலிண்டர், என்ஜின் பின்னால். "இந்த மூன்று பக்கங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், காரில் இடத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று பொறியாளர்கள் யோசித்த மூன்று விதம் தெரியும், ஐயா" என்றார் அந்த மாணவர். அம்பாசிடரின் தரை நடுவே மேடாக இருக்கிறதே, அது முன்னிருந்து பின்னுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டுக்காக விட்ட இடம் என்பது, ஆயுளில் எத்தனையோ முறை அந்த வண்டியில் கால் மடக்கி உட்கார்ந்து போன எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

பொம்மையின் அளவையும் அவர் ஆராய்ந்திருந்தார். இவ்வகைச் சிறு கார்கள் உண்மை வண்டியின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கூறப்படுகின்றன. அவர் அடிக்குச்சியால் ஒவ்வொன்றையும் அளந்தார். ஒரு பெரிய லாரியும் ஒரு சிறிய காரும் பொம்மையில் ஏறக்குறைய ஒரே நீளம் இருந்தன. அப்படியானால் இரண்டும் ஒரே விகிதத்தில் இருக்க முடியாது; விற்கும் பெட்டியில் அடங்குவதற்காக லாரியை அதிகமாகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று தாமே முடிவு கட்டி எழுதியிருந்தார். விகிதசமக் கணக்கைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் பலர். அதை வைத்து அட்டையில் அச்சிட்டிருப்பதையே கேள்வி கேட்டவரை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

பெட்டி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அதையும் அந்த நோட்டில்தான் படித்தோம். இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்னும் தொழிலாளர்-பொறியாளர் இருந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டு வரலாம் என்பது விதி. அதற்காக அவர் 1952 இல் பித்தளையில் ஒரு சின்னஞ்சிறு சாலை உருளை எந்திரத்தைச் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1953 முதல் உலகெங்கும் விற்ற 'மேட்ச்பாக்ஸ்' பொம்மை வண்டிகள். தந்தை மகளுக்குச் செய்த பொம்மை பெருந்தொழிலுக்கு வித்தாகியது. பொம்மை என்று எதையும் இகழ்வதற்கில்லை.

பிறகு அவர் எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினார். பின்னால் இழுத்துவிட்டால் முன்னே ஓடும் பிளாஸ்டிக் கார் ஒன்றைத் தரையில் வைத்து, வளைவாகத் தள்ளினார். அது வளைய மறுத்து வழுக்கியது. "ஏன் வழுக்குகிறது, ஐயா?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கி மாட்டப்பட்டுள்ளன. வளைவில் வெளிப்புறச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். உட்புறச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இறுக்கிய அச்சில் இரண்டும் ஒரே அளவுதான் சுற்றும். ஆகவே ஒன்று வழுக்கியே தீரும். மாட்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அச்சு சுற்றுவதில்லை, சக்கரங்கள் தனித்தனியே சுற்றுகின்றன. ஆனால் காரில் என்ஜினின் விசை இரண்டு சக்கரங்களுக்கும் போக வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும். இதற்காக அமைந்ததுதான் பட்டறைகளில் 'டிஃபரென்ஷியல்' என்று கூறும் பல்சக்கர அமைப்பு. இதை அவருக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. பொம்மை ஏன் வழுக்குகிறது என்ற கேள்வியோடு பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள பட்டறைக்குப் போய், அங்கிருந்த மூத்த மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறார். அவர் கழற்றி வைத்திருந்த ஒன்றைக் கையால் சுற்றிக் காட்டியிருக்கிறார். அதற்குக் கைம்மாறாக இவர் ஞாயிறுதோறும் அங்கே ஸ்பானர்களைக் கழுவி அடுக்கி வைத்திருக்கிறார்.

அப்பொழுது தந்தை குறுக்கிட்டு, "பார்த்தீர்களா ஐயா, பட்டறையில் அழுக்குக் கழுவுகிறான்" என்றார். மகன் மெல்லிய குரலில் மறுமொழி சொன்னார்: "அப்பா, உங்கள் கையில் பட்ட அழுக்கு மற்றவர்கள் போட்டது. என் கையில் படும் எண்ணெய் நானே தேடிப் போய்த் தொட்டது. இது சோப்புப் போட்டால் போய்விடும்."

வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி எங்களிடம் தந்தார். அதில் கார் எதுவும் ஒட்டப்படவில்லை. ஒரு வரலாறு எழுதப்பட்டிருந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி இருந்தது, வாங்குவார் இல்லை. 1888 ஆகஸ்டு மாதம், கணவரிடம் சொல்லாமலே, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். மலைச்சரிவுகளில் இறங்கி இறங்கி பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்துபோயின. அப்போது அவர் வழியிலிருந்த ஒரு கிராமத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் சென்று, அந்தக் கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். வண்டி நின்றது, பயணமும் முடிந்தது. இன்று ஒவ்வொரு வாகனத்திலும் உள்ள பிரேக் லைனிங்கிற்கு அதுவே முன்னோடி என்று மோட்டார் வரலாற்றில் கூறுகிறார்கள். பெர்த்தாவின் பெயர் உலகெங்கும் தெரியும். அந்தத் தொழிலாளியை அவர் செய்த தொழிலைக் கொண்டே கதை குறிப்பிடுகிறது.

அதன் கீழே மாணவர் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'என் தாத்தாவும் செருப்புத் தைத்தார்.'

நண்பர்களே, அன்று மாலை அந்த விண்ணப்பம் தனியே எடுத்து வைத்த கட்டிலிருந்து மேலே வந்தது. அடுத்த கூட்டத்தில் ஒருமனதாக உதவி வழங்கத் தீர்மானித்தோம்.

வண்டி என்பது நமக்கு வெறும் வண்டியாக இருந்ததில்லை என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் நேர்ந்த இரண்டு பயணங்களை எழுதி வைத்திருக்கிறார். 1901 இல், சிறுவராக இருந்தபோது, தந்தையைக் காண உடன்பிறந்தவருடனும் உறவுச் சிறுவருடனும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். இவர்கள் யார் என்று அறிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இறுதியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தார். நிபந்தனை என்னவெனில், சிறுவர்களே மாட்டை ஓட்ட வேண்டும். அவர் பக்கத்தில் நடந்து வருவார். 1929 இல், பாரிஸ்டர் பட்டம் பெற்று அரசாங்கக் குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் செய்தபோது, சாலிஸ்காவ் என்னும் ஊரில் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குக் கொடுத்தார்கள், ஓட்ட வரவில்லை. அவ்வூர் நம்மவர்கள் தங்களுள் ஒருவரை ஓட்டச் செய்தார்கள். அவருக்கோ வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லை. பாலத்தில் வண்டி கவிழ்ந்தது; அண்ணல் கல்தரையில் எறியப்பட்டுக் காலெலும்பு முறிந்து கிடந்தார்.

ஏற்ற மறுத்தவர்களின் கொடுமையை நாம் மறக்கப் போவதில்லை. அதோடு இன்னொன்றையும் இந்நிகழ்ச்சி கற்பிக்கிறது. வண்டியில் ஏறும் உரிமை மட்டும் போதாது; வண்டியை ஓட்டவும், பழுது பார்க்கவும், படைக்கவும் வல்ல கைகள் நம்மிடம் இருக்க வேண்டும். பட்டறையில் நிற்கும் நம் பிள்ளையை இனி அந்தக் கண்ணோடு பாருங்கள்.

இனி, இத்துறையில் செல்ல விரும்பும் இளைஞர்களுக்குச் சில பயன்தரும் செய்திகளைச் சொல்வது எங்கள் கடமை.

முதலாவதாக, இத்தொழில் நம் வாசலில் இருக்கிறது. சென்னையில் 1840 இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், பின்னாளில் என்ஜின்கள் செய்யும் நிறுவனமாயிற்று. 1948 இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955 இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955 இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் சென்னைக்கு வந்தது. 1998 இல் ஹூண்டாய் தன் முதல் இந்தியக் காரைத் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்து வெளியிட்டது. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை தொடங்கியது. 2025 இல் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது.

இரண்டாவதாக, வாசலில் இருப்பது என்றும் இருக்கும் என்று நம்பிவிடலாகாது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தி 2022 இல் நின்றது. பெருங்களத்தூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்று சேகரிப்பாளர்களிடம்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு திருகை மட்டும் முறுக்கக் கற்றவருக்கு ஆலை மூடினால் வேறு வழியில்லை. வண்டி முழுவதையும் அறிந்தவர் எங்கும் பிழைப்பார். மின்சாரக் காரில் பெட்ரோல் என்ஜின் இல்லை. கார்புரேட்டர், சைலன்சர் என்பவையும் இல்லை. ஆனால் பிரேக் உண்டு, ஸ்டியரிங் உண்டு, சஸ்பென்ஷன் உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும் என்ற விதியும் அப்படியே உண்டு. புதிதாகக் கற்க வேண்டியவை உயர் அழுத்த மின்சாரமும் பேட்டரியும் அவற்றைக் கையாளும் பாதுகாப்பு முறையும். நம் மாணவரின் நோட்டில் இப்போது 'பேட்டரியின் கொள்ளளவு' என்று புதிய கட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

மூன்றாவதாக, படிகள். பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டு பயிலலாம். 1961 ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஆலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவருக்குப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. குரோம்பேட்டையில் 1949 இல் சி. இராஜம் அவர்கள் நிறுவிய எம்.ஐ.டி. தொடக்கம் முதலே மோட்டார் வாகனப் பொறியியலைக் கற்பித்து வருகிறது. காரின் உருவத்தை வரைந்து படைக்கும் கலையில் நாட்டம் உள்ளவருக்கு, 1961 இல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும் பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியும் உள்ளன. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. கை ஓவியமும் வேண்டும். இன்றே பென்சிலை எடுங்கள்.

அரசாங்க வேலைதான் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு விடை இருக்கிறது. போக்குவரத்துத் துறையில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றொரு பதவி உண்டு. மோட்டார் அல்லது எந்திரவியல் பட்டயம் பெற்று, பட்டறை அனுபவமும் கனரக வாகனம் ஓட்டும் உரிமமும் உடையவர்களையே அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதற்குத் தேர்ந்தெடுக்கிறது. பட்டறையில் பட்ட எண்ணெய் அங்கே தகுதியாக எண்ணப்படுகிறது.

பணம் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோர் 1974 இல் ஏற்பட்ட தாட்கோவை நாடலாம். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லையானால் நம் சங்க அலுவலகத்துக்கு மாலையில் வாருங்கள். உடன் அமர்ந்து எழுதித் தருவோம்.

பெண் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். உலகில் முதன்முதலாக நெடுந்தூரம் காரை ஓட்டி, வழியிலேயே பழுதும் பார்த்தவர் ஒரு பெண்மணி என்பதைச் சற்று முன்பு கேட்டீர்கள். ஆகவே 'இது ஆண்பிள்ளைத் தொழில்' என்று கூறி உங்கள் மகளின் ஆர்வத்தை அணைக்காதீர்கள்.

சேகரிப்பைப் பற்றி இளைஞர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் சேகரிப்பு கல்வியாகிவிடாது. அலமாரி நிறையப் பொம்மைகள் வாங்கி, அட்டையைப் பிரிக்காமலே அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் வசதியையும் விருப்பத்தையும் பொறுத்தது. தாயின் கூலியில் பங்கு கேட்டோ கடன் வாங்கியோ வாங்கும் பொம்மை நமக்கு வேண்டாம். நம் மாணவர் புதிதாக வாங்கிய ஏழு கார்களும் அவர் தேர்வு விடுமுறைகளில் நாளிதழ் போட்டுச் சம்பாதித்த பணத்தில் வாங்கியவை. பொருள் ஒன்று சேர்ந்தால் அறிவு ஒரு பக்கம் சேர வேண்டும் என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட விதி. பக்கம் எழுதி முடிக்காமல் அடுத்த காரை அவர் பெட்டியில் சேர்ப்பதில்லை. பணமே இல்லாதவர் படங்களை வெட்டி ஒட்டலாம். தெருவில் நிற்கும் வண்டியைப் பார்த்து வரையலாம். கோவைக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் அங்குள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் பார்த்து வரலாம். ஆர்வ மிகுதியால் உரிமம் பெறும் வயதுக்கு முன் சாலையில் வண்டியை எடுக்கும் துணிச்சல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பொறுமையும் வேண்டும். ஜப்பானில் ஒரு கொல்லரின் மகனாக 1906 இல் பிறந்த சோய்ச்சிரோ ஹோண்டா, பதினைந்து வயதில் கார் பழுது பார்க்கக் கற்பதற்காக டோக்கியோவிலுள்ள பட்டறைக்குச் சென்றார். அங்கே முதலாளி அவருக்கு முதலில் கொடுத்த வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்வது. பல மாதங்கள் ஸ்பானரைத் தொடவே விடவில்லை. அவர் ஓடிவிடவில்லை, குழந்தையைச் சுமந்துகொண்டே மற்றவர்கள் வேலை செய்வதைக் கவனித்தார். 1948 இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் இன்று நம் ஊர்த் தெருக்களில் ஓடும் வண்டிகளில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது.

நம் மாணவர் இப்போது பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு பயில்கிறார். முதலாண்டில் கணிதத்தில் ஒரு தாளில் தவறினார். அதையும் மறைக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்வில் தேறினார். அவருடைய திட்டம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகளாக இருக்கிறது. முதல் வரி, பட்டயம் முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்தல். இரண்டாம் வரி, பிரேக் அமைப்புகளைச் சோதிக்கும் பணியில் சேர்தல். மற்ற இளைஞர்கள் வேகத்தைப் பற்றிக் கனவு காண்கையில் நீர் ஏன் நிறுத்துவதைத் தேர்ந்தெடுத்தீர் என்று கேட்டோம். "நிற்கும் என்று நம்பினால்தானே ஐயா ஓட்ட முடியும்?" என்றார். மூன்றாம் வரி, நம் தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பட்டறை வகுப்பு நடத்துதல்.

எங்கள் குழுவும் ஒரு மாற்றம் செய்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் 'ஓய்வுநேர ஈடுபாடு' என்ற இடம் முன்பு ஒரு வரி அளவே இருந்தது. அதை இந்த ஆண்டு முதல் அரைப்பக்கமாக விரித்திருக்கிறோம். அதைப் படிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் தனியே எடுத்து வைப்பதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாங்கள் விட்டுச் செல்லும் சிறு கொடை இதுவே.

இந்த மண்டபத்தின் வடபுறத் தாழ்வாரத்தில் ஒரு மேசை மீது அந்த நாற்பத்து மூன்று கார்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. நாற்பத்து நான்காவதும் ஒன்று இருக்கிறது. அது கடையில் வாங்கியது அன்று. பெர்த்தா பென்ஸ் ஓட்டிய மூன்று சக்கர வண்டியைத் தகரத்திலும் மரத்திலும் அவரே செய்திருக்கிறார். அதன் பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கும் தோல், அவருடைய தாத்தாவின் பழைய கருவிப் பெட்டியிலிருந்து எடுத்தது. அதை வெட்டிக் கொடுத்தவர் அவருடைய தந்தை.

உணவு இடைவேளையில் அனைவரும் பார்த்துச் செல்லுங்கள். குழந்தைகளைத் தொட்டுப் பார்க்க விடுங்கள் என்று மாணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.